கொம்புதான் முதலில்

1

“இது பிழை அல்ல. பயனர் செய்த தவறு. மூடப்பட்டது.”

மண்டையை உடைத்துக்கொண்டு நான் எழுதி அனுப்பிய நீண்ட கடிதத்துக்கு வந்த பதில் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதைவிடச் சுருக்கம். ஜெர்மனியில், நான் குடியிருக்கும் லைப்சிக் நகரில், அன்று வியாழக்கிழமை காலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. படித்ததும், “யாருடா தவறு செய்தது?” என்று கத்தியேவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து என் மகள் மேகலா, “அம்மா, யாரிடம் பேசுகிறாய்?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

யாரிடம் பேசினேன் என்று அவளுக்குச் சொல்ல முடியவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். அந்தப் ‘பயனர்’ என் தங்கை கலைச்செல்வி. தியாகதுருகத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ‘செல்வி டிஜிட்டல்ஸ்’ என்று ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன் செய்யும் கடை வைத்திருப்பவள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு, எதுவானாலும் அந்தப் பக்கத்துக்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட போர்டை வெளியே அனுப்ப மாட்டாள். அவளைப் போய்த் தவறு செய்தாள் என்று எழுதிவிட்டார்கள்.

எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. அதில் குற்றமில்லை. ஆனால் தமிழை எப்படி எழுதவேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது.

2

முதலிலிருந்து சொல்கிறேன்.

கலை கடை ஆரம்பித்தபோது எல்லோரையும் போலத் திருட்டு சாப்ட்வேரில்தான் வேலை செய்தாள். யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தது. அதில் எட்டு வருடம் ஓடியது. ஒருநாள் காலையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் எல்லா ஃபைலும் பூட்டிக்கிடந்தது. அந்தத் திருட்டுப் பொட்டலத்துக்குள்ளேயே வைரஸும் வந்திருக்கிறது. சரிசெய்ய வந்தவர், “வேற ஒண்ணு கீது, அத்தப் போட்டுக்கலாம்” என்று இன்னொரு திருட்டுப் பொட்டலத்தை எடுத்தாராம்.

“வாணாம், எடுத்துக்கினு போ”ன்னுட்டாள் இவள். “எவன் பூட்டுவான் எவன் தொறப்பான்னு நான் பயந்துக்கினே கீணுமா? எனுக்கு என்னிதுன்னு, சொந்தமா ஒண்ணு வேணும்.”

அவளாகவே விசாரித்து லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டாள். படம் வரையும் இலவச மென்பொருள் ஒன்றையும் இறக்கிக்கொண்டாள். கள்ளக்குறிச்சியில் பெரிய போர்டுகளை பிரிண்ட் எடுத்துத் தரும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். “ஓசி சாப்ட்வேர்ல போர்டு போடறேன்னு போய்க்கினு கீது பாரு”ன்னு. அவர்களே டிசைனும் செய்கிறவர்கள். இவள் கடை எப்போது மூடும், வாடிக்கையாளர்கள் எப்போது தங்கள் பக்கம் வருவார்கள் என்று காத்திருப்பவர்கள். அதனால் இது வெறும் சாப்ட்வேர் விஷயம் இல்லை. மறுபடியும் திருட்டுக்குப் போனால் அவள் தோற்றாள். போகாமல் தடுமாறினாலும் தோற்றாள். கடை நிற்க வேண்டுமானால் அந்த இலவசப் பெட்டியில் தமிழ் ஒழுங்காக வரவேண்டும்.

வந்தது, பாதி. ‘கோயில்’ என்று அடித்தால் அழகாக வந்தது. ‘செல்வி’ வந்தது. ஆனால் ‘கு’ வரவில்லை. ‘க’ தனியாக நிற்கும், பக்கத்தில் உகரச் சுழி தனியாகத் தொங்கும். து, மு, ரு, லூ எல்லாம் அதே கதி. ஒரு வருடம் அவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? கு, து, மு என்று ஒவ்வொன்றையும் கையால் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, வருகிற இடத்தில் எல்லாம் எடுத்து ஒட்டியிருக்கிறாள். அதற்கு ‘ஒட்டு’ என்று பெயரும் வைத்திருந்தாள்.

மார்கழியில் போன் செய்தாள்.

“அக்கா, தியாகதுருகம்னு ஒரு தபா போட ரெண்டு ஒட்டு வோணும். இப்ப மணலூர்பேட்டை ஆத்துத் திருவிழா ஆர்டர் வந்துகீது. ரங்கநாதண்ணன் குட்த்துகீறாரு. எத்தினி ஊரு சாமி வருதோ அத்தினி ஊருக்கும் வரவேற்பு போர்டு. ஒட்டிக்கினே குந்திகினா தை முடிஞ்சி மாசி வந்துடும். நீ இந்த வேலதான பண்ற அங்க? இந்த ‘கு’வ சேத்து வெச்சிக் குடேன்.”

ரங்கநாதண்ணன் மணலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருப்பவர். திருவிழாக் கமிட்டியில் முக்கியமான ஆள். பொங்கல் முடிந்த கையோடு பெண்ணையாற்று மணலில் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் வந்து இறங்கும் நாளில் அந்த போர்டுகளைப் பார்க்காத கண் இருக்காது. கலைக்கு அந்த வருடத்தின் பெரிய ஆர்டர் அதுதான்.

3

அவள் கேட்டது நியாயம். நான் செய்வது அந்த வேலைதான். கம்ப்யூட்டர் திரையில் கோடு, வட்டம், எழுத்து எல்லாவற்றையும் வரைந்து கொடுப்பதற்கென்று அடியில் ஒரு லைப்ரரி இருக்கும். கலையின் மென்பொருள் வரைவதற்கு நம்பியிருந்த லைப்ரரியைத்தான் என் அலுவலகத்திலும் பயன்படுத்துகிறோம். திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் சோர்ஸ் கோடை எடுத்து, தன் கணினியிலேயே கம்பைல் செய்து, போட்டுக்கொள்ளலாம். ஓட்டலில் கட்டித் தருகிற பொட்டலத்தில் உப்பு போதவில்லை என்றால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. சோர்ஸ் கோடு என்பது அரிசியும் பருப்பும் நம் கைக்கே வருவது, கம்பைல் செய்வது அதை நாமே சமைத்துக்கொள்வது.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். தியாகதுருகத்தில் அப்போது மதியம். இங்கிருந்தே கலையின் பெட்டிக்குள் நுழைந்து, சோர்ஸ் கோடை இறக்கி, கம்பைல் செய்வதற்கு முன்னால் வரும் பரிசோதனையை ஓடவிட்டேன். அந்த நிரல் நம் கணினியில் எது இருக்கிறது, எது இல்லை என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போகும். பிஎன்ஜி படம்: எஸ். எழுத்துரு: எஸ். நிழல்: எஸ். கடைசிக்கு முந்திய வரி: காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்: நோ.

பழைய கணினிகளுக்காக இளைக்கவைத்த பதிப்பு அவளுடையது. எடையைக் குறைக்க எதை விடலாம் என்று யோசித்த யாரோ ஒருவர் இதை விட்டிருக்கிறார். காம்ப்ளெக்ஸ் என்றால் சிக்கல் பிடித்த எழுத்து. தமிழ், வங்காளம், மலையாளம், அரபி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இந்தச் சொல்லை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் சுருக்கென்றது. யாருக்குச் சிக்கல்? தியாகதுருகத்தில் அஞ்சு வயதுப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதுகிற எழுத்து. இங்கே ஜெர்மனில் ஒரே ஒலிக்கு நாலு எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள், அது எளிமையாம். நாங்கள் கு என்று ஒரே எழுத்தாக எழுதினால் சிக்கலாம்.

அந்த ‘நோ’வை ‘எஸ்’ ஆக்கப் போனால், அதற்கு இன்னொரு லைப்ரரி வேண்டும் என்றது. அதைப் போடப் போனால் அது மூன்றாவதைக் கேட்டது. தாலுக்கா ஆபீசில் வருமானச் சான்றுக்குப் போனால் ரேஷன் கார்டு கேட்பார்கள், ரேஷன் கார்டுக்குப் போனால் வருமானச் சான்று கேட்பார்களே, அதே கதைதான். ஒருவழியாக எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்துக் கம்பைல் ஓட ஆரம்பித்து, முக்கால்வாசி போனபோது இணைப்பு அறுந்தது. போன் வந்தது.

“கரண்ட்டு பூட்ச்சிக்கா.”

“யுபிஎஸ் இல்லியாடீ?”

“கீது. பேட்டரி செத்துப்பூட்ச்சி. நீ டீ குடி, வந்துடும்.”

டீ குடித்தேன். வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கடைசியில் இன்ஸ்டால் முடிந்ததும் நானே இங்கிருந்து ‘கள்ளக்குறிச்சி’ என்று அடித்தேன். கு சேர்ந்து நின்றது. ‘தியாகதுருகம்’ என்று அடித்தேன். து, ரு இரண்டும் சேர்ந்து நின்றன.

“அக்கா! ஒட்டே இல்லாம வந்துட்ச்சிக்கா!” என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்திக் கேட்டு எத்தனையோ நாளாகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் ஊர்ப் பெயர் திரையில் முழுசாக நிற்பதில் எனக்கு ஒரு தனிப்பட்ட வீம்பும் உண்டு. அலுவலகத்தில் ஒருவர் என் ஊர் எது என்று கேட்டு, போனில் தேடிப் பார்த்துவிட்டு, முகம் மாறி, “சாரி” என்றார். கள்ளக்குறிச்சி என்று தேடினால் கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுதான் முதலில் வருகிறது. செத்தவர்களுக்காக நானும் அழுதவள்தான். ஆனால் எங்கள் ஊரே ஒரு சாவுச் செய்திதான் என்பது போல அவர் போனைக் கவிழ்த்து வைத்ததைப் பொறுக்க முடியவில்லை. அந்தச் சாவுகள் நடந்த வாரம் கலை அஞ்சலி போர்டாகவே அடித்தாள். “கூலிக்காரன்தானேன்னு பேர தப்பா போட்றக்கூடாது, மெதுவா பாத்து அடிக்கிறேன்”னு போனில் சொன்னாள். எங்கள் ஊரில் அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். அது தேடினால் வராது.

4

மறுநாள் மறுபடியும் போன்.

“அக்கா, இன்னா பண்ணி வெச்ச? எல்லா கொம்புக்கும் பக்கத்துல ஒரு வடை குந்திக்கினு கீது!”

“வடையா?”

“புள்ளிப் புள்ளியா, நடுவுல ஓட்டையா. என் பேர்லயே ரெண்டு வடை!”

வீடியோவில் காட்டினாள். சிரித்துவிட்டேன். கொம்பு, கால் மாதிரியான ஒரு குறி எந்த எழுத்தையும் சாராமல் தனியாக நின்றால், ‘இதற்குச் சொந்தக்காரர் யாருமில்லை’ என்று காட்ட லைப்ரரி ஒரு புள்ளி வட்டத்தைப் போடும். அதுதான் வடை. ஆனால் கலையின் கொம்புகளுக்கு எழுத்து பக்கத்திலேயே இருந்ததே?

“அடிச்சிக் காட்டுடீ” என்றேன். கேமராவை விசைகள் மேல் திருப்பினாள். ‘செ’ அடிக்க அவள் விரல் முதலில் கொம்பைத் தட்டியது. பிறகு ச. ‘கோ’வுக்குக் கொம்பு, க, கால்.

பார்த்ததும் என் விரல்களே தானாக மேசைமேல் அசைந்தன. நாங்கள் இரண்டு பேரும் தியாகதுருகத்தில் அரிசி மண்டிக்கு மேலே இருந்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர் படித்தவர்கள். அங்கே சார் ஸ்கேலால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார், “கொம்பு, எழுத்து, கால்! கொம்பு, எழுத்து, கால்!” என்று. பேப்பர் ஒரு பக்கமாகத்தான் நகரும். இடது பக்கம் வருவதை முதலில் அடித்தாக வேண்டும். கையால் எழுதும்போதும் அப்படித்தானே? கொம்பு போட்டுவிட்டுத்தான் எழுத்து. தமிழ் எழுதுகிற எல்லோரும் அப்படித்தான்.

கம்ப்யூட்டர் உலகம் தீர்மானித்திருப்பது வேறு. முதலில் எழுத்து, பிறகு கொம்பு. திரையில் காட்டும்போது அதுவே கொம்பை இடது பக்கம் தூக்கிவைத்துக்கொள்ளும். பழைய லைப்ரரிக்கு இந்த அறிவு கிடையாது. கலை அடித்த வரிசையில் அப்படியே வரைந்தது, அதனால் கொம்பு சரியாக இருந்தது, கு மட்டும் உடைந்தது. நான் போட்ட புதிய லைப்ரரிக்கு எல்லா அறிவும் உண்டு. கு சேர்ந்துவிட்டது, ஆனால் கொம்பெல்லாம் அநாதையாகிவிட்டது. ‘மணலூர்பேட்டை’ என்று ஒரு பெயர் போதும். பழையதில் லூ உடையும், புதியதில் பே, டை இரண்டுக்கும் வடை வரும். எதில் போட்டாலும் அந்த ஊர் முழுசாக வராது.

“நீ எழுத்தை மொதல்ல அடிச்சிட்டு அப்பறம் கொம்ப அடிடீ” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“அப்டிதான் கம்ப்யூட்டருக்குப் புரியும்.”

“புரியாட்டி அத்த மாத்து. என் வெரல ஏன் மாத்தற? கைல எழுதச் சொல்ல எவனாவது ‘க’ போட்டுட்டு அப்பறம் கொம்பு போடுவானா? ஒரு வருசமா அடிச்ச ஃபைல் அத்தினியும் இப்டிதான் கீது. எல்லாத்தையும் திருப்பி அடிக்கச் சொல்றியா?”

அந்த நேரம் பார்த்து ரங்கநாதண்ணன் கடைக்குள் வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா கலை, சாமி வர்றதுக்கு போர்டு கேட்டா டீக்கடைக்கு அடிச்சி வெச்சிகீற? வடையா கீது?”

“சரியாயிடும்ணா. அக்கா பாத்துக்கினு கீறாங்க.”

“அக்கா ஜெர்மனில பாத்துக்கினு கீட்டும்மா. எனுக்கு வர்ற ஞாயித்துக்கெழம காலைல போர்டு வேணும். இல்லங்காட்டி கள்ளக்குறிச்சிலயே டிசைனும் போட்டுக்கறேன். கோச்சிக்காத, ஊரு வேல.”

அவர் போனபிறகு கலை என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாரு, அவனுங்க சிரிக்கப் போறானுங்க” என்று மட்டும் சொன்னாள்.

5

இதற்கு நடுவில் என் வீட்டில் ஒரு கூத்து.

மேகலாவுக்கு இங்கே தமிழ் வகுப்பு உண்டு. வேண்டா வெறுப்பாகப் போவாள். ஆறு வயதுவரை என்னோடு தமிழில் சண்டை போட்டவள், இப்போது சண்டையும் ஜெர்மனில்தான். நான் தமிழில் திட்டுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், இரண்டு பேருக்கும் புரியும். கலை போனில் “இன்னாடி தங்கம், சாப்ட்டியா?” என்றால், “யா, சித்தி” என்பாள். அத்தோடு சரி.

அந்த வாரம் அவள் வீட்டுப்பாடம் எழுதுவதை எதேச்சையாகப் பார்த்தேன். ‘கோழி’ என்று எழுதவேண்டும். முதலில் ‘க’ போட்டாள். பிறகு பேனாவைப் பின்னால் கொண்டுபோய், இடமில்லாத இடத்தில், இடது பக்கம் ஒரு கொம்பை நெருக்கி வைத்தாள். பிறகு மறுபடி வலது பக்கம் வந்து கால் போட்டாள்.

“ஏண்டி இப்படி எழுதுற? கொம்புதான முதல்ல?”

அவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். போனில் அடிக்கும்போது க-தானே முதலில் வருகிறது என்றாள். பிறகு ஜெர்மனில் இன்னொன்றும் சொன்னாள். “கொம்பு என்றால் மாட்டுக் கொம்புதானே அம்மா? தலை வந்த பிறகுதான் கொம்பு முளைக்கும்.”

கெட்டிக்காரத்தனமான பேச்சுதான், சிரித்துவிட்டேன்கூட. ஆனால் சமையலறைக்குள் போனதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் தமிழ் பேசாமல் போவதற்கு மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். தமிழையே இயந்திரம் சொல்கிற வரிசையில் எழுதுவாள் என்று நான் நினைக்கவில்லை. தியாகதுருகத்தில் கலையின் விரலை மாற்றச் சொன்னேன். இங்கே என் மகளின் விரல் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன். கலை விரலை மாற்ற வேண்டாம். லைப்ரரி மாறட்டும்.

6

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவது அல்ல. ‘கொம்பு முதலில்’ என்று ஒரு விருப்பத் தேர்வு. வேண்டும் என்று குறித்த ஃபைலில் மட்டும், கொம்பு முன்னால் வந்தால், அடுத்த எழுத்தோடு இடம் மாற்றிக்கொண்டு பிறகு வரைய வேண்டும். மற்ற யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. எழுதி, சோதித்து, ஏன் தேவை என்று விளக்கி, அந்த லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். கலை கொம்பை முதலில் அடிக்கிற வீடியோவையும் சேர்த்தேன். அதற்கு வந்த பதிலைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். பயனர் செய்த தவறு.

சரி, தவறு என்றே வைத்துக்கொள்வோம். தவறு என்று யார் எப்போது கூடிப் பேசி முடிவு செய்தார்கள்? கலையைக் கேட்டார்களா? லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டுத் தாலுக்கா ஆபீசிலும் கோர்ட்டிலும் தட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான விரல்களைக் கேட்டார்களா?

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பதிவு அலுவலகத்தில் இதே பாட்டைத்தான் கேட்டேன். என் பெயர் கோமதி. அப்பா பெயர் கோவிந்தன். ஊரில் கோ. கோமதி. இங்கே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், அதுவும் முதல் கட்டம். எனக்குக் குடும்பப் பெயர் இல்லை என்றேன். “எல்லோருக்கும் உண்டு” என்றார் அந்த அம்மாள். என் அரைகுறை ஜெர்மனில், “கோவிந்தன் என் அப்பா” என்று சொல்வதற்குப் பதிலாக “கோவிந்தன் நான்” என்று சொல்லித் தொலைத்தேன். அவர் திருப்தியாக எழுதிக்கொண்டார். அன்று முதல் நான் ‘திருமதி கோவிந்தன்’. தபால்காரர் முதல் டாக்டர் வரை என்னை என் அப்பாவின் பெண்டாட்டி ஆக்கிவிட்டார்கள். திருத்தப் போனால், “சிஸ்டம் ஏற்காது” என்றார்கள். எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்று சொல்கிறவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன். அப்போது எனக்கு விசா வேண்டியிருந்தது. இந்த லைப்ரரிக்காரர்களிடம் எனக்கு வேண்டியது எதுவும் இல்லை. சோர்ஸ் கோடு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கலைக்குப் போன் செய்து பதிலைப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

“அந்தாள ஒரு தபா ‘கோ’ கைல எழுதிக் காட்டச் சொல்லுக்கா, பாப்போம்.”

“அவருக்குத் தமிழ் தெரியாதுடீ.”

“அப்ப கம்னு கெடக்கச் சொல்லு. நீ உன் வேலையப் பாரு. ஞாயித்துக்கெழம போர்டு போவணும்.”

7

என் வேலையைப் பார்த்தேன். யாருடைய ஒப்புதலும் கேட்காமல், அதே லைப்ரரியின் எங்கள் சொந்தப் பதிப்பைத் தயார் செய்தேன். பரிசோதனை நிரலில் நானே ஒரு வரியைச் சேர்த்தேன். கொம்பு முதலில்: எஸ். அதற்கு மேலே ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்’ என்று இருந்ததையும் அழித்துவிட்டு, ‘தமிழ் முதலிய எழுத்துகள்’ என்று எழுதினேன். சின்னத்தனம்தான். இருக்கட்டும்.

இந்த முறை கட்டளைகளை நான் தட்டவில்லை. கலையே தட்டுவேன் என்றாள். “நீ அங்க குந்திக்கினு தட்னா எனுக்கு இன்னா தெரியும்? சொல்லு, நான் அடிக்கிறேன்.” நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். கன்ஃபிகர் என்றால் பரிசோதனை, மேக் என்றால் சமையல், இன்ஸ்டால் என்றால் பரிமாறுவது. கணினியின் பொது இடத்தில் போடாமல் அவள் பெயரில் ஒரு தனி இடத்தில் போடச் சொன்னேன், ஏதாவது கெட்டால் பழையது அப்படியே இருக்கும். அவள் புரியாத இடத்தில் எல்லாம் நிறுத்திக் கேட்டாள். நாலைந்து தபா கேட்டாள். ஒருமுறை எழுத்துப் பிசகி எல்லாம் சிவப்பாக வந்தபோது, “ஐயய்யோ, வெட்ச்சிடுமா?” என்றாள். வெடிக்காது என்றேன்.

முடிந்ததும் கலை விசைப்பலகையை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு அவள் அடித்தாள். ம, ண, லூ, ர். இரட்டைக் கொம்பைத் தட்டி ப. பிறகு ட். ஐகாரக் கொம்பைத் தட்டி ட. எழுத்துகள் வரவர நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணலூர்பேட்டை. லூ சேர்ந்திருந்தது, பே சரியாக இருந்தது, டை சரியாக இருந்தது. ஒரு வடைகூட இல்லை.

“அக்கா,” என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஊர்ப் பெயரை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் இங்கே தேம்பித் தேம்பி அழுதேன். மேகலா வந்து தோளைத் தொட்டு, “சித்தி கடை பிழைத்துவிட்டதா?” என்று கேட்டாள். ஜெர்மனில்தான். பரவாயில்லை. ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்டுகள் போய்ச் சேர்ந்தன. கள்ளக்குறிச்சியில் பிரிண்ட் எடுத்துத் தந்தவர்கள், எந்த சாப்ட்வேர் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். “என்னிது” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். திருவிழா அன்று ஆற்று மணலில் நின்று வீடியோவில் காட்டினாள். சாமிகளைவிட போர்டுகளைத்தான் அதிகம் காட்டினாள். பின்னாலிருந்து ரங்கநாதண்ணன் எட்டிப் பார்த்து, “ஜெர்மனி அக்கா, எளுத்து ஜோரா கீது! அடுத்த வருசமும் கலைக்குதான்!” என்று கத்தினார். மேளச் சத்தத்தில் அதற்குமேல் காதில் விழவில்லை.

8

இத்தோடு முடித்திருப்பேன். போன வாரம் கலையிடமிருந்து ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு கடை, ஏதோ ஒரு பழைய கணினி, திரையில் ‘இன்ஸ்டால் முடிந்தது’ என்கிற கடைசி வரி. எந்த இடம் என்று தெரியவில்லை. போன் செய்தால் போகவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

“வெள்ளிமலைக்குப் போய்ட்டு வந்தேன்க்கா. கல்வராயன் மலை மேல. அங்க சின்னப்பொண்ணுன்னு ஒரு பொண்ணு ஜெராக்ஸ் கடை வெச்சிகீது. ஆத்துத் திருவிழா போர்டப் பாத்துட்டு கேட்டுக்கினே இருந்திச்சி. மலைல ஊட்டுக்கு ஊடு பேரு தப்பு தப்பா அடிச்சித் தராங்களாம். அதுவும் நம்ம மாரி டைப்பிங் படிச்ச பொண்ணுதான், கொம்புதான் மொதல்ல. அதான் எல்லாத்தையும் பென் டிரைவ்ல எத்துக்கினு, பஸ் புட்ச்சிப் போய் போட்டுக் குட்த்துட்டு வந்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி? நான் லைன்ல இருந்திருப்பேன்ல?”

“அங்க டவரே இல்லக்கா. போட்டோகூட எறங்கி வரச் சொல்ல வழிலதான் போச்சி.”

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. பெருமையா, வருத்தமா, எது முன்னால் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. “இன்டர்நெட் இல்லாம, நான் இல்லாம, எப்டிடீ கம்பைல் பண்ண? நடுவுல எர்ரர் வந்திருக்குமே?”

“வந்திச்சி. ரெண்டு தபா வந்திச்சி. படிச்சிப் பாத்துட்டு சரி பண்ணேன்.” அவள் குரலில் அலட்டல் எதுவும் இல்லை. பக்கத்தில் யாரோ காதுகுத்து போர்டுக்கு போட்டோ கொடுத்துக்கொண்டிருப்பது கேட்டது. “நீ இன்னாத்துக்குக்கா? சோர்ஸ் இங்கதான கீது.”

ஆள் காத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.